மின்னணு இசைக்குள் கிட்டாரோடு நுழைய யாரிடம் தொடங்குவது?

பாட்டு வேண்டாம், இசை மட்டும் போதும். சிந்தசைசர் இருக்கட்டும், கிட்டாரும் இருக்க வேண்டும். மெட்டு மனத்தில் தங்க வேண்டும். பத்தாவது முறை கேட்கும்போதும் ஏதாவது புதிதாகத் தென்பட வேண்டும். இப்படி ஒரு பட்டியலோடு 'யாரிடம் தொடங்கலாம்?' என்று கேட்டு எழுதுகிறவர்கள் அடிக்கடி உண்டு. பாதிப்பேர் கிட்டார் வாசிக்கிறவர்கள். மீதிப்பேருக்கு வேலை நேரத்தில் காதில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இரு தரப்பும் நான்கைந்து பெயர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, எதையும் முழுதாகக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இந்த இசையில் இரண்டு நிமிடக் கேட்பு ஏமாற்றிவிடும். கீழே வரும் ஆல்பங்களில் ஒன்றில் கிட்டார் எட்டிப் பார்ப்பதற்கே அரை மணி நேரம் ஆகிறது. அதனால் ஒப்பிடுவதற்கு நான்கே நான்கு பேரை எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்காவின் டைக்கோ, ஜெர்மனியின் மானுவல் கோட்ஷிங், ஆஸ்திரியாவின் ஃபென்னெஸ், இங்கிலாந்தின் ராபர்ட் ஃபிரிப் – பிரையன் ஈனோ இணை.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது: கிட்டார் அங்கே என்ன வேலை செய்கிறது? பாடுகிறதா, நடக்கிறதா, கரைந்துபோகிறதா, தன் எதிரொலியோடு தானே பேசிக்கொண்டிருக்கிறதா? நான்கும் ஒரே அலமாரியில்தான் வைக்கப்படுகின்றன. ஆனால் முதலாவதைத் தேடி வந்தவர் கையில் மூன்றாவது கிடைத்தால் அன்றோடு இந்தப் பக்கம் தலைவைக்க மாட்டார்.

இரண்டாவது, மெட்டு தானாக வந்து சேருமா, நாம் தேடிப் போக வேண்டுமா. மூன்றாவது, எங்கே, எதில் கேட்கப்போகிறீர்கள். நான்காவது வாசிக்கிறவர்களுக்கு மட்டும்: கேட்டதை வீட்டில் முயன்று பார்க்க என்னென்ன வேண்டும்.

ஆல்பத்தின் விலையைக் கணக்கில் சேர்க்கவில்லை. இசைத்தட்டாக வாங்கினால் நான்குமே இறக்குமதிதான். எதை எடுத்தாலும் சில ஆயிரம் ரூபாய் போகும். மற்ற செலவுகள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றன. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## டைக்கோ: கிட்டார் பாடுகிறது

டைக்கோ என்பது சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஸ்காட் ஹேன்சன் வைத்துக்கொண்ட பெயர். அவர் வரைகலைக் கலைஞரும்கூட; ஆல்பங்களின் அட்டைகளை அவரே வடிவமைக்கிறார். வெயிலில் வெளிறிய ஆரஞ்சு நிறமும் வட்டச் சூரியனுமாக இருக்கும் அந்த அட்டைகளைப் பார்த்தாலே உள்ளே இருக்கும் ஒலி எப்படிப்பட்டது என்று பாதி புரிந்துவிடும்.

2011இல் வந்த 'டைவ்' ஆல்பத்தில் சிந்தசைசரின் மெட்டு, நாள்பட்ட கேசட் ஓடுவதைப் போல லேசாகச் சுருதி அசைந்து வரும். அதன் அடியில் டிரம் சீராகப் போகிறது. கிட்டார் தெளிவாக, எதிரொலி பூசிய ஒற்றைச் சுரங்களாக வந்து மெட்டின் மிச்சத்தைச் சொல்லி முடிக்கிறது. மூன்று வருடம் கழித்து வந்த 'அவேக்' ஆல்பத்தில் கிட்டாரும் டிரம்மும் வாசிக்க ஆட்கள் சேர்ந்து, இது ஏறக்குறைய ஒரு ராக் குழுவாகவே மாறிவிட்டது. எட்டே பகுதிகள், மொத்தம் 36 நிமிடம். கிட்டார் வாசிக்கிறவர்கள் 'டைவ்' ஆல்பத்தைத் தாண்டி நேராக இதற்கு வரலாம்.

மெட்டைத் தேட வேண்டியதில்லை, முதல் நிமிடத்திலேயே கிடைத்துவிடும். சாதாரண இயர்போன் போதும். ரயிலில், அலுவலகத்தில், சமையலறையில், எங்கும் பொருந்தும். யாரைக் கேட்டாலும் டைக்கோவில் தொடங்கு என்று சொல்வது இதனால்தான்.

எங்கும் பொருந்துவதுதான் இதன் குறையும். ஒரு மாதத்தில் இது பின்னணி ஆகிவிடும். மின்விசிறிச் சத்தம் போல, ஓடும்போது தெரியாது, நின்றால்தான் தெரியும். இன்னொன்று, டைக்கோவைக் கேட்கத் தொடங்கினால் செயலி அடுத்தடுத்துப் பரிந்துரைப்பதெல்லாம் டைக்கோவின் சாயல்களாகவே இருக்கும். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், திண்ணையிலேயே உட்கார்ந்திருப்போம். வாசிக்கிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த ஒலியைத் துரத்திப் போனால் மினிமூக் போன்ற அனலாக் சிந்தசைசர் ஆசை பிடித்துக்கொள்ளும். அந்த விலைக்கு நல்ல மோட்டார் சைக்கிளே வாங்கிவிடலாம்.

## மானுவல் கோட்ஷிங்: கிட்டார் நடக்கிறது

கோட்ஷிங் 1952இல் பெர்லினில் பிறந்து 2022இல் மறைந்தவர். 1970இல் கிளவுஸ் ஷூல்ட்சேயும் ஹார்ட்முட் என்கேயும் இவரும் சேர்ந்து தொடங்கிய ஆஷ் ரா டெம்பிள், அன்றைய ஜெர்மன் சோதனை ராக் குழுக்களில் முக்கியமான ஒன்று. ஆனால் இவரை நாம் இன்று தேடிப் போவது தனியாக, தன் வீட்டு ஸ்டுடியோவில், 1981 டிசம்பர் 12ஆம் தேதி ஒரே மூச்சில் வாசித்துப் பதிந்த ஒரு மணி நேரத்துக்காக. மறுநாள் விமானப் பயணத்தில் கேட்பதற்கு ஏதாவது வேண்டும் என்றுதான் பதிவுக் கருவியை ஓடவிட்டார். அது 1984இல் 'ஈ2-ஈ4' என்ற பெயரில் ஷூல்ட்சேயின் நிறுவனத்தின் வழியாக ஆல்பமாக வந்தது.

பெயர் சதுரங்கத்திலிருந்து. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும் முதல் நகர்வு; தெருவுக்கு ஒரு சதுரங்கப் பயிற்சி வகுப்பு இருக்கும் சென்னையில் இதை விளக்கத் தேவையில்லை. உள்ளே பகுதிகளுக்கும் ஆட்டத்தின் போக்கிலேயே பெயர் வைத்திருக்கிறார். முதல் பகுதி 'அமைதியான பதற்றம்', கடைசிப் பகுதி 'சமநிலை'.

அமைதியான பதற்றம் என்பதைவிட அந்தத் தொடக்கத்துக்குப் பொருத்தமான பெயர் கிடையாது. இரண்டே இரண்டு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரத்தொகுதிகள்). அவை மாறி மாறி வருகின்றன. ஒரு மணி நேரமும் அவைதாம். மேலே டிரம் மெஷினின் சன்னமான தட்டல், சிந்தசைசரின் சிறு சிறு சொற்கட்டுகள் ஒன்று சேர்வதும் ஒன்று விலகுவதும். எதுவும் நடக்கவில்லை என்று தோன்றும். பத்து நிமிடம் கழித்து, தொடங்கிய இடத்திலிருந்து வெகுதூரம் வந்துவிட்டோம் என்பது திடீரென்று உறைக்கும். தம்பூராவின் சுருதியில் ஊறிய காதுக்கு இது பிடிபடச் சிரமமே இல்லை. அடியில் மாறாத ஒன்று இருந்தால்தானே மேலே அசைவது தெரியும்.

கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். வண்டி கிளம்பும்போது இதை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். கோட்டை, பூங்கா, எழும்பூர், மாம்பலம் எல்லாம் போய்விடும், கிட்டார் வராது. பரங்கிமலையை நெருங்கும்போதுதான், அதாவது முப்பது நிமிடம் தாண்டிய பிறகு, யாரோ பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்வது போல அலட்டிக்கொள்ளாமல் நுழைகிறது. நுழைந்த பிறகும் சாகசம் எதுவும் காட்டுவதில்லை. அந்த இரண்டு கார்டுகளின்மேல் நடந்துகொண்டே இருக்கிறது, தனக்கு இறங்க வேண்டிய நிலையம் எதுவும் இல்லை என்பதைப் போல. முப்பது நிமிடம் காத்திருக்காதவருக்கு அந்த நுழைவு வெறும் கிட்டார் வாசிப்பு. காத்திருந்தவருக்குப் பெரிய நிகழ்ச்சி.

நடனத்துக்காகச் செய்யப்படாத இந்த இசையை நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் நடன மன்றத்தில் டிஜே லாரி லெவன் ஓடவிட்டு ஆட வைத்தார். 1989இல் இத்தாலியர்கள் இதை அடித்தளமாக வைத்து 'சுவென்யோ லாட்டினோ' என்ற நடன இசையைச் செய்து வெற்றி கண்டார்கள். பெர்லினில் தனியாக உட்கார்ந்து ஒருவர் தனக்காக வாசித்தது இப்படியெல்லாம் சுற்றி வந்தது.

இங்கே செலவாவது உடையாத ஒரு மணி நேரம். கேட்கும் அளவுக்கு எளிதல்ல அதைத் திரட்டுவது. விளம்பரத்தோடு ஓடும் இலவசச் சேவையில் இதைக் கேட்பதைவிடக் கேட்காமலே இருக்கலாம். இருபத்தெட்டாவது நிமிடத்தில் சலவைத்தூள் விளம்பரம் வந்தால் மொத்தமும் பாழ். இசைத்தட்டிலும் இந்தத் தொல்லை உண்டு. நடுவில் எழுந்து தட்டைத் திருப்பிப் போட வேண்டும். இதற்கு நல்ல வடிவம் சிடி அல்லது தரவிறக்கிய கோப்பு.

வாசிக்கிறவர்களுக்கு ஒரு கிளைவழியும் இருக்கிறது: 1975இல் வந்த 'இன்வென்ஷன்ஸ் ஃபார் எலக்ட்ரிக் கிட்டார்'. கேட்டால் சிந்தசைசர் என்று சத்தியம் செய்யத் தோன்றும். உண்மையில் நான்கு தடப் பதிவுக் கருவியும் கிட்டாரும் எதிரொலியும் மட்டுமே. குறுகிய சுரங்களை வாசிக்கிறார், எதிரொலி அவற்றின் இடைவெளிகளில் விழுந்து வேறொரு தாளத்தை உண்டாக்குகிறது. வாசித்ததைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தரும் ஒரு டிலே பெடல் இருந்தால் அன்று மாலையே முயன்று பார்க்கலாம். கொன்னக்கோல் பழகியவர்களுக்கு எந்த இடைவெளியில் எது விழும் என்ற கணக்கு முதலிலேயே கையில் இருக்கும். நான்கு வழிகளிலும் செலவு குறைந்த வழி இதுதான்.

## ஃபென்னெஸ்: கிட்டார் கரைகிறது

முதன்முதலில் 'எண்ட்லெஸ் சம்மர்' ஆல்பத்தை ஒரு மலிவான இயர்போனில் கேட்டபோது, கோப்பு கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து இரண்டு முறை மறுபடி தரவிறக்கினேன். மூன்றாவது முறையும் அதே இடத்தில் அதே கரகரப்பு வந்தபோதுதான், கெட்டது கோப்பு அல்ல, என் எதிர்பார்ப்பு என்று புரிந்தது.

கிறிஸ்டியன் ஃபென்னெஸ் ராக் குழுவில் கிட்டார் வாசித்துவிட்டு மடிக்கணினிக்கு வந்த ஆஸ்திரியர். வியன்னாவின் மேகோ நிறுவனம் 2001இல் இந்த ஆல்பத்தை வெளியிட்டது. இவர் கிட்டாரை வாசித்துக் கணினிக்குள் அனுப்புகிறார். அங்கே அது நறுக்கப்பட்டு, அரைக்கப்பட்டு, நீட்டப்பட்டு வெளியே வருகிறது. தலைப்புப் பகுதியில் அகூஸ்டிக் கிட்டாரின் மீட்டல் தெளிவாகவே கேட்கிறது. ஆனால் மீட்டலுக்கும் மீட்டலுக்கும் இடையில் ஒலியை ஏதோ ஒன்று கொறித்துக்கொண்டிருக்கிறது. வெயில் பட்டு மங்கிய பழைய குடும்பப் படத்தில் முகம் போய் உருவம் மட்டும் தெரியுமே, அப்படி. ஆல்பத்தின் பெயர் கடற்கரை விடுமுறைப் பாடல்களை நினைவூட்டுவதற்கென்றே வைத்தது. அந்த இனிமை உள்ளே இருக்கிறது. இரைச்சலைத் துடைத்துவிட்டு அதை எடுக்க முடியாது, இரைச்சலோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும். 'பிஃபோர் ஐ லீவ்' பகுதியில் சிடி சிக்கிக்கொண்டது போன்ற ஒலியே மெட்டாகிவிடுகிறது.

நான்கு பேரில் மெட்டு மிக அழகாக இருப்பது இவரிடம்தான் என்பது என் கட்சி. ஒளித்து வைக்கப்பட்டிருப்பதும் இவரிடம்தான்.

ஆனால் கேட்கும் கருவிக்குக் காசு செலவாகும். கைபேசியின் ஒலிபெருக்கியில் இந்த இசை வெறும் பூச்சிச் சத்தம். கீழ்ச்சுரங்களைச் சரியாகக் காட்டும் ஹெட்போன் வேண்டும்; கம்பியோடு இருந்தால் இன்னும் நல்லது. வீட்டில் ஒலிபெருக்கியில் போட்டால் 'டிவியில் ஏதோ கோளாறு' என்று ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போவார், அதற்கும் தயாராக இருங்கள். வாசிக்கிறவர்களுக்குக் கணினியும், கிட்டாரை அதோடு இணைக்கும் ஒலி இடைமுகக் கருவியும் மென்பொருள் கற்றுக்கொள்ளும் பொறுமையும் தேவை. அதிலும் ஒரு பொறி உண்டு: எந்த ஒலியையும் சிதைப்பது ஐந்து நிமிட வேலை, சிதைத்த பிறகும் மனத்தில் நிற்கும் மெட்டை முதலில் வாசித்திருக்க வேண்டும். பலர் இரண்டாவதை மறந்துவிட்டு முதலாவதில் மாதக்கணக்கில் மூழ்கிவிடுகிறார்கள்.

இதுவே கடினமாகப் பட்டால் 2004இல் வந்த 'வெனிஸ்' கொஞ்சம் மென்மையானது. அதில் ஒரு பகுதியில் டேவிட் சில்வியனின் குரலும் உண்டு. 2019இன் 'அகோரா' ஸ்டுடியோவை இழந்த பிறகு படுக்கையறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு செய்தது. நான்கு நீண்ட பகுதிகள். செய்தவரே ஹெட்போனில்தான் செய்தார் என்பதால் நாமும் அப்படியே கேட்பது முறை.

## ஃபிரிப் – ஈனோ: கிட்டார் தன்னோடு பேசுகிறது

1972 செப்டம்பரில் கிங் கிரிம்சன் என்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப், பிரையன் ஈனோவின் லண்டன் வீட்டுக்குப் போனார். அங்கே இரண்டு ரெவாக்ஸ் டேப் கருவிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் பதிவான டேப் அப்படியே நீண்டு போய் மற்றதில் ஓடும். இரண்டாவது கருவி வாசித்துக் காட்டும் ஒலி திரும்ப முதல் கருவிக்கே போய்ப் பதிவாகும். கிட்டாரில் ஒரு சுரத்தை வாசித்தால் சில விநாடி கழித்து அது திரும்பி வரும், பிறகு இன்னும் மங்கலாக மறுபடி வரும். வாசிப்பவர் தன் பழைய சுரங்களின்மேல் புதிய சுரங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். இந்த உத்தியை 1960களிலேயே அமெரிக்காவில் டெர்ரி ரைலி போன்றவர்கள் கையாண்டிருந்தார்கள். அதில் கிட்டார் இழைந்து பாடத் தொடங்கியது இங்கே.

அன்று பதிவானது 1973இல் 'நோ புஸ்ஸிஃபுட்டிங்' ஆல்பத்தின் முதல் பக்கமாக வந்தது. பிபிசி வானொலியில் ஜான் பீல் இதை ஒலிபரப்பியபோது டேப் தலைகீழாக ஓடியது. பிற்கால மறுபதிப்பில் தலைகீழ் வடிவத்தையும் சேர்த்தே வெளியிட்டார்கள். கேலி செய்ய நினைப்பவர்களுக்கு இது நல்ல தீனி. எனக்கு இதில் வெட்கப்பட எதுவும் தெரியவில்லை. தலைகீழாகவும் நன்றாகவே இருக்கிறது.

தொடங்குவதற்கு அதைவிட 1975இன் 'ஈவினிங் ஸ்டார்' பொருத்தம். அதன் முதல் பக்கம் முழுக்க மெட்டு. தலைப்புப் பகுதியில் ஃபிரிப்பின் கிட்டார் இழுத்து இழுத்துப் பாடுவது வயலினை நினைவுபடுத்தும். இரண்டாம் பக்கத்தில் சுமார் 28 நிமிடம் ஓடும் ஒற்றைப் பகுதி, மெல்ல மெல்ல இருண்டுகொண்டே போகும். இரவு பதினொன்றுக்குத் தனியாகக் கேட்க வேண்டாம் என்று எச்சரித்துவிடுகிறேன். பணச் செலவு குறைவு: அந்த இரண்டு டேப் கருவிகளின் வேலையை இன்று காலடியில் கிடக்கும் ஒரு லூப் பெடல் செய்துவிடும்.

## ஒரே பார்வையில்

| | டைக்கோ | கோட்ஷிங் | ஃபென்னெஸ் | ஃபிரிப் – ஈனோ |
|---|---|---|---|---|
| தொடங்க | 'டைவ்' (2011). வாசிப்பவர்கள் 'அவேக்' (2014) | 'ஈ2-ஈ4' (1984) | 'எண்ட்லெஸ் சம்மர்' (2001) | 'ஈவினிங் ஸ்டார்' (1975), முதல் பக்கம் |
| மெட்டு | கேட்டவுடன் | பத்து நிமிடம் கழித்து | மூன்றாவது முறை கேட்கும்போது | முதல் பக்கத்தில் உடனே |
| கேட்க | எதிலும் | எதிலும்; இடையூறு கூடாது | நல்ல ஹெட்போன் | அமைதியான அறை |
| வாசித்துப் பார்க்க | சிந்தசைசர், கூட ஆட்கள் | டிலே பெடல் | கணினி, மென்பொருள் | லூப் பெடல் |
| தெரியாத செலவு | சீக்கிரம் பின்னணியாகிவிடும் | முழுதாக ஒரு மணி நேரம் | கருவியும் பொறுமையும் | இரண்டாம் பக்கத்தின் இருட்டு |

## யாருக்கு எது

வேலை பார்த்துக்கொண்டே கேட்கத்தான் வேண்டும் என்றால் டைக்கோதான். மேலே சொன்ன குறை உங்களுக்குக் குறையே அல்ல. பின்னணி என்று தெரிந்தே வாங்குகிறீர்கள். கிட்டார் வாசிக்கிறவர், பெடல் ஒன்றோ இரண்டோ வைத்திருக்கிறவர் என்றால் ஃபிரிப் – ஈனோவின் முதல் பக்கத்தைக் கேட்டுவிட்டு நேராகக் கோட்ஷிங்கின் 1975 ஆல்பத்துக்குப் போங்கள். கேட்ட மறுநாளே கையில் ஏதோ ஒன்று பிடிபடும். அந்த மகிழ்ச்சியை டைக்கோ தரமாட்டார், ஃபென்னெஸ் நிச்சயம் தரமாட்டார்.

எல்லாவற்றையும் கேட்டு அலுத்துவிட்டது, எதுவும் புதிதாக இல்லை என்கிறவர்களுக்கு ஃபென்னெஸ். ஆனால் நல்ல ஹெட்போன் கைக்கு வரும்வரை தொடவே வேண்டாம். பாதி ஒலியில் கேட்டுவிட்டு இது நமக்கு ஆகாது என்று முடிவுகட்டிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்களைத் திரும்பக் கேட்க வைக்க இன்றுவரை முடியவில்லை.

நான்கில் ஒன்றுதான் என்று கட்டாயப்படுத்தினால் என் கை 'ஈ2-ஈ4' பக்கம்தான் போகும். மெட்டு, கிட்டார், சிந்தசைசர் மூன்றும் ஒன்றையொன்று முந்தாமல் நிற்பது அதில்தான். ஆனால் ஒரு மணி நேரம் கைபேசியைத் தொடாமல் இருக்க முடியாதவருக்கு இதைச் சிபாரிசு செய்து கெட்ட பெயர் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

## நான்கும் ஒத்துவராவிட்டால்

டைக்கோ சப்பென்று இருக்கிறது, ஃபென்னெஸ் காதைக் குத்துகிறது, நடுவில் ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு அமெரிக்காவின் கிளீவ்லாண்டைச் சேர்ந்த எமரால்ட்ஸ் இருக்கிறார்கள். மார்க் மெக்குவையரின் கிட்டாரும் மற்ற இருவரின் சிந்தசைசர்களும். 2010இல் வந்த 'டஸ் இட் லுக் லைக் ஐ'ம் ஹியர்' ஆல்பத்தை ஃபென்னெஸைக் கொண்டுவந்த அதே மேகோவின் வாரிசு நிறுவனம்தான் வெளியிட்டது. கிட்டார் ஓரமாக இருந்தாலும் பரவாயில்லை, கனவுபோல மிதந்தால் போதும் என்றால் உல்ரிக் ஷ்னாவுஸின் 2003 ஆல்பம் 'எ ஸ்ட்ரேஞ்ச்லி ஐசொலேட்டட் பிளேஸ்'. கிட்டார் வேண்டுமென்று கேட்டு வந்தவர்களுக்கு அதை நான் முதலில் கொடுப்பதில்லை.